கூட வர்றவங்க கூட வரலன்னா: பால்டர்ஸ் கேட் 3 கம்பேனியன் பக், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்குறது மன்னார்குடி. எங்க பக்கம், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, கும்பகோணம்னு பழக்கமான பசங்க ஒரு பத்து பன்னெண்டு பேரு பால்டர்ஸ் கேட் 3-ங்குற கம்ப்யூட்டர் கேம் விளையாடுறாங்க. அதுல நம்ம கேரக்டரோட சேந்து வர்ற ஆளுங்கதான் கம்பேனியன், ஷேடோஹார்ட் அதுல ஒருத்தி; ஒரு நேரத்துல கூட நடக்குற நாலு பேரு குரூப்தான் பார்ட்டி, மிச்சவங்க கேம்ப்ல இருப்பாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன் வந்தா பாதி நேரம் "அண்ணே ஷேடோஹார்ட்ட காணும்ண்ணே"ன்னுதான் ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னதயே திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருந்தேன், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்டது, பதில் நான் மூணு தடவ முழுசா ஆடி முடிச்சதுல கத்துக்கிட்டது. யாரு எப்ப பார்ட்டிய விட்டுப் போவாங்கன்னு கீழ வெளிப்படையா எழுதியிருக்கேன், கத தெரிஞ்சிடக் கூடாதுன்னு நெனைக்கிறவங்க நாலாவது, ஏழாவது கேள்விய மட்டும் தாண்டிப் போயிடுங்க.

1. கம்பேனியன் ஏதோ கோளாறா இருக்கான்னு தெரிஞ்ச உடனே மொதல்ல என்ன பண்றது?

எஃப்5, அதாவது குயிக் சேவ் கீ, அது மேல இருந்து கைய எடுங்க. நெஜமா சொல்றேன், இது ஒன்னு பண்ணாலே பாதி பேரு தப்பிச்சிடுவாங்க. பதட்டத்துல குயிக் சேவ் அடிச்சு அடிச்சு, கோளாறு இல்லாத பழைய குயிக் சேவ் எல்லாம் ஒன்னொன்னா அழிஞ்சு, கடைசில கைல இருக்குற அத்தன சேவ்லயும் அதே கோளாறு இருக்குற மாதிரி பண்ணிடுறாங்க. குயிக் சேவும் ஆட்டோ சேவும் எத்தன வச்சுக்கணும்னு ஆப்ஷன்ஸ்ல ஒரு எண்ணிக்க இருக்கு, அந்த எண்ணிக்க தாண்டுனா பழசு போயிடும்.

அடுத்து, இப்ப இருக்குற நிலமைய தனியா ஒரு பேரு குடுத்து சேவ் பண்ணுங்க, "ஷேடோஹார்ட் காணும் - கோப்ளின் கேம்ப்"னு எங்க என்ன ஆச்சுன்னு புரியுற மாதிரி வைங்க. அதுக்கப்பறம் கேம முழுசா மூடிட்டு மறுபடி திறங்க. மெனுவுக்குப் போயி லோடு பண்றது வேற, கேம மூடித் திறக்குறது வேற, சில கோளாறு மூடித் திறந்தாதான் சரியாகுது. அதுலயும் சரியாகலன்னா ஸ்டீம்ல கேம் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் உள்ள போயி ஃபைல் எல்லாம் முழுசா இருக்கான்னு சரிபாக்க விடுங்க. இந்த கேம் ஏறக்குறைய 150 ஜிபி இடம் கேக்கும், நம்ம ஊர் நெட்ல அத மறுபடி மொத்தமா டவுன்லோடு பண்றது ரெண்டு மூணு ராத்திரி வேல, அதனால அழிச்சுட்டு திரும்ப போடலாம்னு யாரு சொன்னாலும் கடைசிக்குக் கடைசியா வச்சுக்கங்க.

2. நான் நடக்குறேன், ஒருத்தன் மட்டும் மரம் மாதிரி நின்னுக்கிட்டே இருக்கான். ஏன்ண்ணே?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், பெரும்பாலும் இது பக்கே (கேமோட கோளாறே) இல்ல.

இடது பக்கம் நாலு பேரு போட்டோ இருக்குல்ல, அத பாருங்க. ஒன்னோட ஒன்னு சங்கிலி மாதிரி சேந்திருந்தா அவங்க கூட வருவாங்க, ஒரு போட்டோ மட்டும் தள்ளி தனியா நின்னா அவன் குரூப்ல இல்லன்னு அர்த்தம். கைதவறி மவுஸ் இழுத்தாலே பிரிஞ்சிடும். அந்த போட்டோவ புடிச்சு இழுத்து பக்கத்து போட்டோ மேல விட்டா சேந்துக்கும், இல்லன்னா கீபோர்டுல ஜி அமுக்குனா மொத்த குரூப்பும் பிரியும், மறுபடி அமுக்குனா சேரும். திருட்டு வேல பாக்க ஒருத்தன மட்டும் பிரிச்சு அனுப்பிட்டு, திருடி முடிச்ச சந்தோஷத்துல திரும்ப சேக்க மறந்துடுறதுதான் வழக்கமா நடக்குறது.

சங்கிலி சரியா இருக்கு, அப்பவும் வரலயா, அடுத்து டர்ன் பேஸ்டு மோட பாருங்க. ஷிஃப்டும் ஸ்பேஸும் சேத்து அமுக்குனா சண்ட இல்லாதப்பவும் முறை வச்சு நகர்ற மோடுக்குப் போயிடும். ஒருத்தன் மட்டும் அந்த மோடுல மாட்டிக்கிட்டு மத்தவங்க சாதாரணமா நடந்துக்கிட்டு இருக்கலாம். அவன் போட்டோவ கிளிக் பண்ணி அவன் கைக்கு மாறி, அந்த மோட நிறுத்துனா போதும்.

மூணாவது காரணம் எட. இத யாரும் யோசிக்கிறதே இல்ல. கண்ணுல பட்ட கவசம், கத்தி, சட்டி, பான எல்லாத்தையும் எடுத்து ஒருத்தன் தலைல ஏத்திடுறோம், எட தாண்டுனா அவன் நட பாதியாயிடும், இன்னும் ஏறுனா குதிக்கவே முடியாது. நீங்க ஒரு பள்ளத்த தாண்டிக் குதிச்சிட்டுப் போயிடுறீங்க, அவன் அந்தக் கரைல நிக்கிறான். எட சரியா இருந்தாலும் ஸ்ட்ரென்த் கம்மியான ஆளால அவ்ளோ தூரம் குதிக்க முடியாது, குதிக்கிற தூரம் ஸ்ட்ரென்த்த வச்சுதான். வாள் சண்டக்காரி லேஸெல் தாவுற வாய்க்கால மந்திரவாதி கேல் தாவ மாட்டான். அவன தனியா கன்ட்ரோல் எடுத்து சுத்து வழில கூட்டிட்டு வாங்க, இல்ல என்ஹான்ஸ் லீப் ஸ்பெல் (மந்திரம்) போட்டு தாவ வைங்க.

இந்த மூணும் இல்லன்னாதான் அது கோளாறு. அப்ப பக்கத்துல இருக்குற வேபாயின்டுக்கு (மேப்ல குறிச்ச இடம்) ஃபாஸ்ட் ட்ராவல் பண்ணுங்க, அதாவது நடக்காம ஒரே தாவா போங்க, குரூப்ல இருக்குறவங்கள எல்லாம் அது இழுத்துக்கிட்டு வந்துடும், சுவத்துக்குள்ள பாறைக்குள்ள மாட்டுனவன் கூட வெளிய வந்துடுவான். அதுவும் ஆகலன்னா கேம்ப்புக்குப் போயி அவன்கிட்ட பேசி "கேம்ப்லயே இரு"ன்னு அனுப்பிட்டு திரும்ப சேத்துக்கங்க. நான் பாத்த வரைக்கும் நடக்காதவன் கோளாறு பத்துல ஒம்போது இந்த இடத்துக்குள்ள சரியாயிடுது.

3. சண்ட முடிஞ்சுடுச்சு, ஆனா ஒருத்தனுக்கு மட்டும் முடியவே இல்ல.

எங்கயோ ஒரு எதிரி உயிரோட இருக்கான். மாடில, குகைக்குள்ள, மறஞ்சு நின்னுக்கிட்டு. மேல வரிசையா ஓடுற முறை பட்டியல்ல யாரு போட்டோ மிச்சம் இருக்குன்னு பாருங்க, அதுல கிளிக் பண்ணா கேமரா சில சமயம் அவன் இருக்குற இடத்துக்கே போகும். எதிரி ரொம்ப தள்ளி இருந்தா மாட்டிக்கிட்டவன அங்கேருந்து நகத்தி கேம்ப்புக்கு தப்பிக்க விடலாம், தூரம் போதுமான அளவு இருந்தா கேம் விடும். அதுக்கும் விடலன்னா சண்டைக்கு முன்னாடி சேவ்தான் வழி.

4. அண்ணே, கார்லாக் கேம்ப்ல இல்ல. நேத்து இருந்தா. பக் தானே?

நிதானமா படிங்க, இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. பல நேரம் இது பக் இல்ல, நீங்க எடுத்த முடிவு.

இந்த கேம்ல கூட வர்றவங்க பொம்ம இல்ல. ட்ரூயிட்ங்குற காட்டு மந்திரவாதிங்க தோப்ப காப்பாத்தாம, அத தாக்க வர்ற கோப்ளின் கும்பல் பக்கம் சேந்து மக்கள வெட்டுனீங்கன்னா கார்லாக்கும் வில்லும் உங்கள விட்டுப் போயிடுவாங்க, தோப்போட தலைவன் ஹால்சினும் உங்களுக்கு இல்ல. கேல் மந்திரப் பொருள் கேக்குறப்ப குடுக்காம தள்ளிக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல அவனும் கெளம்பிடுவான். லேஸெலும் ஷேடோஹார்ட்டும் ஒரு ராத்திரி கேம்ப்ல கத்தி எடுத்துக்கிட்டு நிப்பாங்க, நீங்க நடுவுல புகுந்து சரியா பேசலன்னா அதுல ஒருத்தி செத்துக்கூட போகலாம். அப்ரூவல் (உங்க மேல அவங்களுக்கு இருக்குற மதிப்பு) ரொம்ப கீழ போனா தானா கோவிச்சுக்கிட்டு போறவங்களும் உண்டு, அப்ரூவல் எவ்ளோ இருக்குன்னு கேரக்டர் ஷீட்ல கோடு மாதிரி தெரியும், அப்பப்ப பாத்துக்கங்க.

சிக்கல் என்னன்னா, நீங்க செஞ்சது ஒரு இடத்துல, விளைவு தெரியறது வேற இடத்துல. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கல்லணைல காவேரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு தண்ணி பிரியுது. அங்க ஒரு மதகு மூடியிருந்தா அங்க நிக்கிறவனுக்கு ஒன்னும் தெரியாது, பத்து பன்னெண்டு நாள் கழிச்சு கடைமடைல இருக்குறவன் வயல் வெடிக்கிறப்பதான் தெரியும், அவன் தன் வாய்க்கால எவ்ளோ தூர் வாருனாலும் தண்ணி வராது. இந்த கேமும் அப்படியே. ஆக்ட் 1-ல, அதாவது கதையோட மொத பாகத்துல, நீங்க ஒரு பேச்சுல குடுத்த பதில கேம் உள்ளுக்குள்ள ஒரு குறிப்பா எழுதி வச்சுக்குது, ஆக்ட் 3-ல ஒருத்தன் வரமாட்டேங்குறான்னா அந்தக் குறிப்புதான் காரணமா இருக்கும். அங்க நின்னுக்கிட்டு லோடு பண்ணி லோடு பண்ணி பாத்தா எதுவும் மாறாது. மேல போயி எந்த மதகுன்னு பாக்கணும்.

அதனால கதையா பக்கான்னு கண்டுபுடிக்க நான் செய்றது இதுதான். ஜர்னல (கேமோட குறிப்பேட்ட) திறந்து அந்த ஆளோட குவெஸ்ட் (கதைல அவனுக்கான வேல) என்ன சொல்லுதுன்னு படிப்பேன். "போயிட்டான்", "செத்துட்டான்", குவெஸ்ட் மூடிடுச்சுன்னு இருந்தா அது கத. குவெஸ்ட் இன்னும் திறந்தே இருக்கு, கேம்ப்ல ஆள் இருக்கணும்னு சொல்லுது, ஆனா ஆள் இல்லன்னா அதுதான் கோளாறு. கோளாறுன்னா ஒரு லாங் ரெஸ்ட் (கேம்ப்ல ராத்திரி தூங்குறது) எடுங்க, வேற ஏரியாவுக்கு ஃபாஸ்ட் ட்ராவல் பண்ணி அங்கேருந்து கேம்ப் போங்க. கேம்ப் இடத்துக்கு இடம் மாறும், தோப்பு பக்கம் ஒரு கேம்ப், குகைக்குள்ள ஒரு கேம்ப், அதுல ஒன்னுல மட்டும் ஆள் சரியா வந்து நிக்காம போறது உண்டு.

5. ரொமான்ஸ் பேச்சு வரவே மாட்டேங்குது. அப்ரூவல் முழுசா இருக்கு.

லாங் ரெஸ்ட் எடுக்கலன்னு அர்த்தம். நம்ம பசங்க சிக்கனமா ஆடுறேன்னு சொல்லி, சாப்பாட்டு மூட்டைய சேத்து வச்சுக்கிட்டு, நாலஞ்சு சண்ட முடிஞ்சும் தூங்காம ஓட்டுறாங்க. கேம்ப்ல நடக்குற காட்சி எல்லாம் ராத்திரிக்கு ஒன்னுன்னு வரிசைல நிக்கும், நீங்க தூங்குனாதான் அடுத்தது வரும். தூங்காம ஆக்ட் மாறிட்டீங்கன்னா வரிசைல நின்னது அப்படியே போயிடும், திரும்ப வராது. பேலன்ஸ்டு டிஃபிகல்ட்டில ஒரு முழு ரெஸ்ட்டுக்கு 40 கேம்ப் சப்ளைதான், டாக்டீஷியன்ல 80. கெடைக்கிற ரொட்டி, பாலாடைக்கட்டி, மீன் எல்லாத்தையும் எடுத்து கேம்ப்புக்கு அனுப்பிடுங்க, எங்கயும் குறையாது. ரெண்டு சண்டைக்கு ஒரு ரெஸ்ட் தாராளமா எடுங்க.

தல மேல ஆச்சரியக்குறி இருந்தா தூங்குறதுக்கு முன்னாடி பேசிடுங்க.

மறுபக்கமும் ஒன்னு உண்டு. கேம் வந்த புதுசுல, 2023 ஆகஸ்ட்ல, கேல் கிட்ட சும்மா நல்லா பேசுனாலே காதல்னு எடுத்துக்கிட்டான். அது உண்மையான பக், அப்ரூவல் அளவுல இருந்த தப்புன்னு கேம் பண்ண லேரியன் ஸ்டுடியோஸ் தலைவர் ஸ்வென் வின்கேவே சொல்லியிருக்காரு, பேட்ச்ல (அப்டேட்ல) சரிபண்ணிட்டாங்க.

6. செத்துட்டான், உடம்பு எங்க கெடக்குன்னே தெரியல.

கேம்ப்ல விதர்ஸ்னு எலும்புக்கூடு மாதிரி ஒருத்தர் நிப்பாரு, அவருகிட்ட 200 தங்கம் குடுத்தா உயிரோட வந்துடுவான், உடம்பு தேட வேணாம். அவர நீங்க கல்லறைல கண்டுபுடிக்கலன்னாலும் பின்னாடி தானா கேம்ப்புக்கு வந்துடுவாரு. அவர அடிச்சோ விரட்டியோ விடாதீங்க.

7. ஹால்சின் கேம்ப்ல நிக்கிறான், பார்ட்டிக்கு வான்னா வரமாட்டேங்குறான்.

வர மாட்டான், இப்போதைக்கு. ஆக்ட் 2-ல நிழல் சாபம் புடிச்ச நாட்ட மீட்குற குவெஸ்ட் முடிஞ்சாதான் சண்டைக்கு கூட வருவான். அது வரைக்கும் விருந்தாளி மாதிரி கேம்ப்ல இருப்பான். இதே மாதிரி ஜஹேரா ஆக்ட் 2-லதான் சேருவா, மின்ஸ்க் ஆக்ட் 3-ல, அதுக்கும் ஜஹேரா கூட இருக்கணும். அவ செத்துட்டாலோ இல்லாமப் போனாலோ மின்ஸ்க்க சேத்துக்க வழி இல்ல, அப்பறம் "மின்ஸ்க் பக்"னு என்கிட்ட வந்து நிக்காதீங்க தம்பிகளா, மதகு ஆக்ட் 2-ல இருக்கு.

கோப்ளின் பக்கத்து தலைவி மின்தாரா கத கொஞ்சம் நீளம். மொதல்ல அவ வேணும்னா கெட்டவங்க பக்கம் சேந்தாதான் உண்டு. ஆளுங்க அவள கொல்லாம அடிச்சு மயக்கம் போட வச்சு பின்னாடி சேக்குற ஒரு குறுக்கு வழி கண்டுபுடிச்சாங்க, அது சரியா வேல செய்யாம பாதி பேருக்கு கத உடைஞ்சுது. 2023 நவம்பர் கடைசில வந்த அஞ்சாவது பேட்ச்ல அதையே முறையான வழியா ஆக்கிட்டாங்க. நீங்க செய்ய வேண்டியது, நான்-லீத்தல்ங்குற பாசிவ (கொல்லாம அடிக்கிற வசதி) ஆன் பண்ணிட்டு, கடைசி அடி கைக்கெட்டுற தூரத்து ஆயுதத்தால விழணும். அம்பு, ஸ்பெல் எல்லாம் அந்த பாசிவ மதிக்காது, கொன்னுடும். கடைசி நேரத்துல அஸ்டேரியன் அம்பு விட்டு மொத்தமும் போச்சுன்னு அழுதவன் ஒருத்தன எனக்குத் தெரியும், மத்தவங்க முறைய எல்லாம் சும்மா முடிச்சுட்டு ஒருத்தன வச்சு மட்டும் அடிங்க.

8. அனுப்பி வச்சவன்கிட்ட என் நல்ல வாள் இருக்கு. ஒவ்வொரு தடவையும் கூப்புட்டு வாங்கணுமா?

வேணாம். அதே அஞ்சாவது பேட்ச்ல இருந்து, கேம்ப்ல இருக்குறவங்க மூட்டையையும் நீங்க திறந்து எடுக்கலாம். உங்களுக்கு அந்த வசதி காட்டலன்னா கேம் அப்டேட் ஆகலன்னு அர்த்தம். அனுபவம் எல்லாருக்கும் பொதுவா ஏறும், கேம்ப்ல இருக்குறவன் லெவல் பின்தங்கிட மாட்டான், அதையும் பக்குன்னு பயப்படாதீங்க. ஆனா தோப்பு சண்ட மாதிரி பெரிய முடிவுக்கு முன்னாடி, போயிடுவான்னு சந்தேகம் இருக்குறவன்கிட்ட இருந்து முக்கியமான சாமான வாங்கி வச்சுக்கிறது என் வழக்கம்.

9. என் மச்சான் கூட சேந்து ஆடுனேன். அவன் சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான், அவன் கேரக்டர் என் பார்ட்டிலயே நிக்கிது, நாலாவது ஆள சேக்க முடியல.

அவன் உருவாக்குன கேரக்டர் ஒரு எடத்த புடிச்சு வச்சிருக்கு, அதனாலதான் பார்ட்டில மூணு பேரு இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் "இடம் இல்ல"ங்குது. கேம் வந்த மொத மாசம் இதுக்கு வழியே இல்லாம இருந்துச்சு. ரெண்டாவது பேட்ச்ல கேம்ப்ல விதர்ஸ் பக்கத்துல ஒரு பீரோ வச்சாங்க, காணாமப்போன நண்பர்களுக்கான பீரோ, அதுல போயி அந்த கேரக்டர அனுப்பிடலாம். மச்சான் திரும்ப வர்ற எண்ணம் இருந்தா அனுப்புறதுக்கு முன்னாடி தனியா ஒரு சேவ் வச்சுடுங்க.

இன்னொன்னும் பாருங்க, ரெண்டு பேரு ஆடுறப்ப ஒவ்வொரு கம்பேனியனும் யாராவது ஒருத்தர் கைல இருப்பாங்க. மச்சான் கைல இருக்குற லேஸெல் நீங்க கூப்புட்டா வரமாட்டா. மல்டிபிளேயர் செஷன் மெனுவுல போயி ஹோஸ்ட்டா இருக்குறவங்க அவள உங்களுக்கு மாத்தணும்.

10. மாட் போட்டதுல இருந்து பார்ட்டி உடைஞ்சுடுச்சு.

மாட்னா கேம மாத்தி ஆட மேல போடுற கூடுதல் ஃபைல். பார்ட்டில நாலு பேருக்கு மேல சேக்குற மாட்தான் எல்லாரும் மொதல்ல போடுறது. ஆச புரியுது, பத்து பேரையும் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும்தான் இருந்துச்சு. ஆனா கேம்ல காட்சிகள், பேச்சு, லிஃப்ட்டு, படகு எல்லாம் நாலு பேருன்னு கணக்கு பண்ணி கட்டுனது, அஞ்சாவது ஆள் நிக்க இடம் இல்லாத காட்சில அவன் வெளியவே நின்னுடுவான், சில இடத்துல காட்சியே ஆரம்பிக்காது. மாட் போட்டு ஆடுறப்ப பெரிய காட்சிக்கு முன்னாடி நாலு பேரா குறச்சுக்கங்க.

மாட்ட நடுவுல கழட்டுறது போடுறத விட ஆபத்து. மாட்ல வந்த க்ளாஸ (வீரன், மந்திரவாதிங்குற மாதிரி தொழில) ஒரு கம்பேனியனுக்கு குடுத்துட்டு அப்பறம் மாட்ட எடுத்தீங்கன்னா, சேவ் அந்த க்ளாஸ தேடும், கெடைக்காது, லோடே ஆகாம நிக்கலாம். எடுக்கணும்னா மொதல்ல விதர்ஸ்கிட்ட 100 தங்கம் குடுத்து அவன சாதாரண க்ளாஸுக்கு மாத்தி, மாட்ல வந்த சாமான கழட்டி வித்துட்டு, சேவ் பண்ணி, அப்பறம் எடுங்க. 2024 செப்டம்பர்ல வந்த ஏழாவது பேட்ச்ல இருந்து கேமுக்குள்ளயே மாட் மேனேஜர் இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்க அதோட நின்னுக்கங்க. வெளிய இருந்து ஸ்க்ரிப்ட் எக்ஸ்டென்டர் (சில மாட் ஓட தேவைப்படுற தனி புரோகிராம்) போட்டு ஓட்டுறவங்களுக்கு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாட் செத்துப்போறது சகஜம், 2025 ஏப்ரல்ல எட்டாவது பேட்ச் வந்தப்ப எனக்கு ஒரே நாள்ல ஏழு போன் வந்துச்சு, ஏழுமே இதுதான். மாட் ஆளுங்க புது வெர்ஷன் போடுற வரைக்கும் காத்திருக்குறத தவிர வேற மருந்து இல்ல.

11. ஆக்ட் 3-ல சொன்னத செய்ய ரொம்ப நேரம் எடுக்குறாங்க.

நகரம் பெருசு, ப்ராசஸருக்கு வேல அதிகம், ஹார்ட் டிஸ்க்ல போட்டிருந்தா கண்டிப்பா திணறும், இந்த கேமுக்கு எஸ்எஸ்டி வேணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. அது ஒரு பக்கம். ஆனா 2023 டிசம்பர்ல உண்மையாவே ஒரு கோளாறு இருந்துச்சு. நீங்க செஞ்ச திருட்டு, உடைச்ச சாமான் இதையெல்லாம் யாராவது பாத்தாங்களான்னு கேம் யோசிக்கிற வேல முடியாம, சேவுக்குள்ள குமிஞ்சுக்கிட்டே போயி, ஆட ஆட கேம் மந்தமாச்சு. அந்த மாசமே ஹாட்ஃபிக்ஸ் போட்டு சரிபண்ணாங்க. பழைய வெர்ஷன் வச்சு நெட் இல்லாம ஆடுறவங்களுக்கு இன்னும் இது இருக்கும், ஒரு தடவயாவது அப்டேட் பண்ணிடுங்க.

12. கரண்ட் போச்சு, சேவ் போச்சு. என்ன பண்றது?

இத எழுதத்தான் மொதல்ல உக்காந்தேன்.

ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கம் மழ புடிச்சா கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தெருவுக்கு நாள் கணக்குல இல்ல, வாரக் கணக்குல கரண்ட் இல்ல. அது பெரிய விஷயம், வீடு, தென்ன, மாடு எல்லாம் போன நேரம், கேம பத்தி யாரும் நெனைக்கல. நான் சொல்றது சாதாரண மழ நாள்ல ரெண்டு நிமிஷம் போயிட்டு வர்ற கரண்ட. 2023 தீபாவளி தாண்டி ஒரு ராத்திரி, ஆக்ட் 2 முடிவுக்குப் பக்கத்துல, குயிக் சேவ் அடிச்ச அதே நொடில லைட் அணைஞ்சுது. திரும்ப வந்து திறந்தா அந்த சேவ் லோடு ஆகல, அதுக்கு முந்துனது லோடு ஆகுது, ஆனா அதுல ஷேடோஹார்ட் பார்ட்டிலயும் இல்ல கேம்ப்லயும் இல்ல. ஜர்னல்ல அவ குவெஸ்ட் திறந்து கெடக்கு. வட்டுல இடம் பத்தலன்னு நான் குயிக் சேவ் எண்ணிக்கைய ரெண்டுன்னு குறச்சு வச்சிருந்தேன், கைப்பட பேரு குடுத்து வச்ச சேவ் தோப்புல ஒன்னு, அவ்ளோதான். கிட்டத்தட்ட நாப்பது மணி நேர ஆட்டம். அன்னைக்கு ராத்திரி அப்படியே உக்காந்திருந்தேன், பொய் சொல்லல, ரெண்டு வாரம் அந்த கேம திறக்கவே மனசு வரல.

அப்பறம் ஆரம்பத்துல இருந்து ஆடுறப்ப வச்சுக்கிட்ட முறைய சொல்றேன். ஒவ்வொரு ஆக்ட் ஆரம்பத்துலயும் ஒரு சேவ், பேரோட, அத அழிக்கவே மாட்டேன். பெரிய முடிவுக்கு முன்னாடி ஒன்னு. ஒவ்வொரு நாளும் ஆட்டத்த நிறுத்துறப்ப ஒன்னு. வாரம் ஒரு தடவ சேவ் ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி பென் டிரைவ்ல போட்டுடுவேன். விண்டோஸ்ல ஆப்டேட்டா, லோக்கல், லேரியன் ஸ்டுடியோஸ், பால்டர்ஸ் கேட் 3, பிளேயர் ப்ரொஃபைல்ஸ், பப்ளிக், சேவ்கேம்ஸ், ஸ்டோரின்னு ஒன்னுக்குள்ள ஒன்னா போனா அங்க இருக்கும். ஆப்டேட்டா மறச்சு வச்ச ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரர்ல மறஞ்சத காட்டுற ஆப்ஷன ஆன் பண்ணிக்கங்க. கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும், பத்து நிமிஷம் தாங்குனா சேவ் பண்ணி மூட நேரம் இருக்கு. வீட்டு இன்வெர்ட்டர் இருக்குன்னு நம்பாதீங்க, சில இன்வெர்ட்டர் மாறுற அந்தக் கண நேரத்துல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும்.

கரண்ட் வந்து திறக்குறப்ப ஸ்டீம், கிளவுட்ல இருக்குற சேவா கம்ப்யூட்டர்ல இருக்குற சேவான்னு கேக்கலாம். அவசரப்பட்டு அமுக்காதீங்க. மொதல்ல அந்த ஃபோல்டர காப்பி பண்ணுங்க, அப்பறம் தேதி நேரம் பாத்து தேர்ந்தெடுங்க. உடைஞ்ச சேவ் கிளவுடுக்கு ஏறி நல்லத அழிச்சிடுச்சுன்னா அப்பறம் யாராலயும் கொண்டு வர முடியாது.

ஹானர் மோடுல ஆடுறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்க ஒரே ஒரு சேவ்தான், பழசுக்குப் போகவே வழி கெடையாது. தோத்ததுக்கு பழச எடுத்துப் போடுறது ஏமாத்து வேல, நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா கரண்ட் போயி சேவ் உடைஞ்சதுக்கு காப்பில இருந்து எடுக்குறது ஏமாத்து இல்லங்குறது என் கட்சி.

13. பழைய பால்டர்ஸ் கேட் 1, 2-ல கம்பேனியன் காணாமப் போனா?

என் மனசுக்கு நெருக்கமான கேள்வி, 2000-ல வந்த ரெண்டாவது பாகத்துலதான் நான் இந்த மாதிரி கேமே கத்துக்கிட்டேன்.

மொத பாகத்துல சிலர் ஜோடியா வருவாங்க. காலித் - ஜஹேரா புருஷன் பொண்டாட்டி, ஒருத்தர அனுப்புனா இன்னொருத்தரும் கெளம்பிடுவாங்க. ஸார் - மான்டரான், மின்ஸ்க் - டைனஹீர், எல்டாத் - ஸ்கை, எல்லாம் அப்படியே. இது பக் இல்ல. மின்ஸ்க்குக்கு டைனஹீர மீட்டுத் தர்றேன்னு சொல்லிட்டு இழுத்தடிச்சா கோவிச்சுக்குவான். ரெபுடேஷன் ரொம்ப ஏறுனா கெட்டவங்க போயிடுவாங்க, ரொம்ப இறங்குனா நல்லவங்க போயிடுவாங்க. ரெண்டாவது பாகத்துல கெல்டார்னையும் விக்கோனியாவையும் ஒன்னா வச்சா ஒரு நாள் வெட்டிக்குவாங்க.

இன்னொன்னு, எதிரி இம்ப்ரிசன்மென்ட்னு ஒரு ஸ்பெல் போட்டா உங்க ஆள் போட்டோவோட சேந்து பார்ட்டில இருந்து மறஞ்சிடுவான். நெறைய பேரு பக்குன்னு நெனச்சு விட்டுட்டு நடந்து போயிடுறாங்க. அவன் மறஞ்ச அதே இடத்துல ஃப்ரீடம் ஸ்பெல் போட்டா வெளிய வருவான், பேசி சேத்துக்கணும். அடி பலமா விழுந்து உடம்பு செதறிப் போனவன மட்டும் எழுப்ப முடியாது, அதுக்கு பழைய சேவ்தான்.

மாட் போடுறவங்க கவனத்துக்கு: அந்தக் கேம்ல நீங்க ஒரு ஏரியாவுக்கு ஒரு தடவ போயிட்டா அந்த ஏரியா மொத்தமும் சேவுக்குள்ள எழுதப்படும். அப்பறம் மாட் போட்டு அங்க புது கம்பேனியன் நிக்கணும்னா நிக்க மாட்டான், சேவ்ல பழைய ஏரியாதான் வரும். அதனாலதான் மாட் போட்டா புது ஆட்டம் ஆரம்பிங்கன்னு எல்லாரும் சொல்றது.

14. ஸ்கைரிம்ங்குற இன்னொரு கேம்ல யாரும் கூட இல்ல, ஆனா "உன்கூடதான் ஏற்கனவே ஆள் இருக்கே"ங்குறாங்க.

உங்க பழைய ஆள் எங்கயோ செத்துட்டான், இல்ல காணாமப் போயிட்டான், கேம் மட்டும் எண்ணிக்கைய குறைக்கல. எஸ்கேப் கீக்குக் கீழ இருக்குற கீய அமுக்கி கன்சோல திறந்து, செட் பிளேயர்ஃபாலோவர்கவுண்ட் டூ 0-ன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, பிளேயர்ஃபாலோவர்கவுண்ட் ஒரே வார்த்தையா, நடுவுல இடம் விடாம. அதுக்கு முன்னாடி சேவ்.

15. எல்லாம் பாத்துட்டேன், சரியாகல. இனி என்ன?

லேரியன் ஸ்டுடியோஸோட சப்போர்ட் பக்கத்துல போயி எழுதுங்க. "ஷேடோஹார்ட் காணும்"னு ஒத்த வரி எழுதாம, எந்த ஆக்ட், எந்த இடம், கடைசியா அவள எங்க பாத்தீங்க, அதுக்கப்பறம் எத்தன லாங் ரெஸ்ட், மாட் இருக்கா இல்லையான்னு எழுதி, ரெண்டு சேவ் இணைங்க: அவ இருந்த கடைசி சேவ் ஒன்னு, இல்லாத மொத சேவ் ஒன்னு. ரெண்டுக்கும் நடுவுலதான் கோளாறு இருக்கு, அந்த ரெண்டையும் குடுத்தா தேடுறவங்களுக்கு வேல பாதியாயிடும். தமிழ்ல எழுதுனா படிக்க மாட்டாங்க, இங்கிலீஷ் வரலன்னு கூச்சப்பட்டு விடாதீங்க, என்கிட்ட கொண்டு வாங்க, சேந்து உக்காந்து எழுதிடலாம்.